சேதி வந்துச்சு சரி, எப்ப வந்துச்சு?

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் யூனியன் செயலாளர் கேட்டபோது, கவிதை வராது, கட்டுரை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். "அப்ப உங்க வீட்டு வெள்ளக் கதையை எழுது" என்றான். அது கதை இல்லை. பத்து வருஷமாக எங்கள் வீட்டில் பதில் கிடைக்காமல் கிடக்கிற ஒரு கேள்வி. நான் இந்தத் துறையை எடுத்துப் படிப்பதற்கே பாதிக் காரணம் அந்தக் கேள்விதான். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு போன் கால்

2015 டிசம்பர். எங்கள் வீடு மேற்குத் தாம்பரம் தாண்டி முடிச்சூரில். நான் நாலாம் வகுப்பு. வெள்ளம் வடிந்து, சேறு வழித்து, ஊரிலிருந்து நாங்கள் திரும்பி வந்து ரெண்டு நாள் ஆகியிருக்கும். தேதி 12 என்று ஞாபகம். ஊறி உப்பிப் போன என் பாடப் புத்தகங்களை அம்மா கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அக்கா, மாடியில ஏழு பேர் மாட்டிக்கிட்டு இருக்கீங்களாமே? ஒரு பாட்டிக்கு இன்சுலின் இல்லைன்னு சேதி வந்துச்சு. நம்ம பசங்க ரெண்டு பேரு மருந்தோட தாம்பரத்துல நிக்கிறாங்க. எந்தத் தெருக்கா?"

அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. நாங்கள் 3ஆம் தேதியே படகில் இறங்கி வந்துவிட்டோம். பாட்டி, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, மகள் வீட்டில் நன்றாக இருந்தார்.

"தம்பி, அதெல்லாம் ஒன்பது நாளைக்கு முந்தி. நாங்க நல்லா இருக்கோம்பா."

"அப்படியாக்கா? சரிக்கா. நல்லா இருக்கீங்கல்ல, அது போதும்" என்று வைத்துவிட்டார் அந்த அண்ணன். குரலில் கோபமே இல்லை. அம்மாவுக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. "அந்த ரெண்டு பசங்களும் அந்த நேரத்துல யார் வீட்டுக்குப் போயிருக்கணுமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. இப்போதும் முடியாது.

அந்தச் சேதி எப்படிக் கிளம்பியது என்று பிறகு கோத்துப் பார்த்தோம். 2ஆம் தேதி காலை, அம்மாவின் போனில் கடைசிப் புள்ளி சார்ஜ் இருந்தது. கால் போகவில்லை. சேலத்தில் இருக்கும் மாமாவுக்கு எஸ்.எம்.எஸ். அடித்தார்: வீட்டுக்குள் தண்ணீர், மாடியில் 7 பேர், பாட்டிக்கு இன்சுலின் தீரப் போகிறது. மூன்றாவது தடவை போயிற்று. பிறகு போன் அணைந்துவிட்டது. மாமா பதறிப்போய் அம்மாவின் நம்பரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் போட்டார். மேலே "மிக அவசரம், உடனே பகிரவும்" என்று எழுதினார். தேதி எழுதவில்லை, நேரம் எழுதவில்லை, தெருப் பெயரும் எழுதவில்லை. பத்து நாள் அந்தச் சேதி ஊரைச் சுற்றியது. படிக்கிற ஒவ்வொருவருக்கும் அது இப்போதுதான் நடப்பது மாதிரி இருந்தது.

போன் ஏன் செத்தது?

அந்த வாரம் என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. நவம்பர் மாத மழையிலேயே ஏரிகள் நிரம்பியிருந்தன. அடையாறு கரை தாண்டியது. மீனம்பாக்கம் விமான நிலையம் நீரில் நின்றது. 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாததால் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

செல்போன் டவர் மட்டும் தப்புமா? டவர் என்பது ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு மாதிரி தெரியும். உண்மையில் அதற்கு மூன்று கால். ஒன்று மின்சாரம். இரண்டு, டவரிலிருந்து தலைமை நிலையத்துக்குப் போகும் ஃபைபர் அல்லது மைக்ரோவேவ் இணைப்பு. மூன்று, அந்தத் தலைமை நிலையமே. இதில் எந்தக் கால் உடைந்தாலும் உங்கள் போனில் சேதி போகாது.

கரண்ட் போனால் பாட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் தீர்ந்தால் கொண்டு வர வண்டி வேண்டும், வண்டி வர ரோடு வேண்டும். ரோட்டில்தான் இடுப்பளவு தண்ணீராச்சே! ஜெனரேட்டர் தரையோடு தரையாக இருந்தால் அதுவும் முழுகும். மிச்சம் பிழைத்திருக்கும் டவரில் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் நம்பரைப் போட்டால் சேனல் போதாது. "நெட்வொர்க் பிஸி" என்று வருவது அதனால்தான்.

அப்படியானால் அம்மாவின் எஸ்.எம்.எஸ். எப்படிப் போனது? பேச்சுக்கு, நீங்கள் பேசும் நேரம் முழுக்க ஒரு வழி உங்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். எஸ்.எம்.எஸ். அப்படியல்ல. அது சிக்னலிங் வழியில் சின்னப் பொட்டலமாகப் போகிறது. ஒரு நொடி இடைவெளி கிடைத்தால் போதும். போய்ச் சேர்ந்ததும் மையத்தில் காத்திருக்கும். அந்தப் பக்கத்துப் போன் கிடைக்கும்போது கொண்டுபோய்க் கொடுக்கும். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 எழுத்து என்பதுதான் ஒரு பொட்டலத்தின் அளவு. பேரிடர் நேரத்தில் கால் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள் என்று சொல்வதன் சூட்சுமம் இதுதான்.

பழைய லேண்ட்லைனும் ஒரு கெட்டிக்காரன். தாமிரக் கம்பி போனுக்கு வீட்டுக் கரண்டே வேண்டாம். எக்ஸ்சேஞ்சின் பாட்டரியிலிருந்து 48 வோல்ட் டி.சி. கம்பி வழியாகவே வந்துவிடும். இன்றைய ஃபைபர் இணைப்பில் அந்த வசதி இல்லை. வீட்டில் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் அதுவும் ஊமைதான்.

வெளியூர்க்காரர்கள் நடத்திய கன்ட்ரோல் ரூம்

இப்படி ஊரே ஊமையான நேரத்தில், யாரும் உத்தரவு போடாமலே ஒரு வேலை நடந்தது. எந்தத் தெருவில் தண்ணீர், எந்தக் கல்யாண மண்டபத்தில் இடம் இருக்கிறது, யாரிடம் படகு, எங்கே பால் பவுடர் என்று பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். தன்னார்வலர்கள் அதைக் கம்ப்யூட்டரில் பொது அட்டவணைகளாகத் தொகுத்தார்கள். 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்று யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓர் இலவச உலக வரைபடம் உண்டு. அதை வைத்து ஒரு வெள்ள வரைபடமும் தயாரானது. உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவைத் தொட்டுக் குறிக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தண்ணீரில் நிற்பவனிடம் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. வெளியூரில் இருப்பவனிடம் ரெண்டும் இருக்கிறது, ஆனால் தண்ணீர் எங்கே என்று தெரியாது. ஆகவே கண் உள்ளே, கை வெளியே. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உட்கார்ந்திருந்த பலர் ராத்திரி முழுக்க ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க மண்டபத்துல இன்னும் இடம் இருக்கா?" என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மாவைக் கூப்பிட்ட அந்த அண்ணனும் அப்படிப்பட்ட ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கூடவே பொய்யும் ஓடியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு புரளி. பண்ணைக்காரர்களே மறுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஏற்கெனவே கழுத்தளவு தண்ணீரில் நிற்பவனுக்கு இந்தப் புரளி எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

ஆனால் நண்பர்களே, புரளியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கேட்டால் மறுக்க ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டுச் சேதி அதைவிட ஆபத்தானது. ஏனென்றால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. 2ஆம் தேதி அது முழு உண்மை. 3ஆம் தேதி மீனவர்களின் படகு எங்களை ஏற்றிக்கொண்ட நிமிஷத்தில் அதற்கு வேலை முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் யாரும் இல்லை. எங்களுக்கே தோன்றவில்லை. உயிர் பிழைத்த சந்தோஷத்தில் மாமாவும் "தப்பிச்சிட்டாங்க, சாமி புண்ணியம்" என்று வீட்டாரிடம் மட்டும் சொன்னார். சேதி போன இடத்துக்கெல்லாம் சொல்லவில்லை.

நம் மின்துறை நண்பர்களுக்கு இது உடனே புரியும். கம்பத்தில் ஏறும் முன் எல்.சி. எடுக்கிறோம். வேலை முடிந்ததும் எடுத்தவரே எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை லைனில் சப்ளை கொடுக்கக்கூடாது. எடுத்தவர் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் ஒரு ஏரியாவே இருட்டில் கிடக்கும். உதவி கேட்கும் சேதியும் ஓர் எல்.சி.தான். திறந்தவர்தான் மூட வேண்டும்.

ஹாம்காரர்களின் பழைய படிவம்

இந்தப் பாடத்தை நமக்கு முன்பே படித்துவிட்ட ஒரு கூட்டம் உண்டு. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள். இவர்களுக்கு டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ஒரு செட், ஓர் ஆன்டெனா, 12 வோல்ட் கார் பாட்டரி போதும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஊருக்குள் பேசலாம். 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண்ணில் அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கும்.

2004 டிசம்பரில், தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலிக்காரர் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். அந்தமானிலிருந்து உலக ஹாம்காரர்களோடு பேசுவதுதான் திட்டம். அதற்கென்றே வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற தனி அழைப்புக் குறியும் வாங்கியிருந்தார்கள். டிசம்பர் 26 காலை 6.29க்கு நிலம் நடுங்கியது. பிறகு சுனாமி. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டு போன அந்த செட், உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்த குடும்பங்களுக்குச் சேதி கொண்டுபோகும் பாலமாயிற்று.

அமெரிக்க ஹாம்காரர்களின் சங்கம் 1914இல் தொடங்கியது. சேதியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவதற்காகவே ஏற்பட்டதால் அதன் பெயரிலேயே 'ரிலே' என்ற சொல் இருக்கிறது. அவர்கள் சேதி எழுதும் படிவத்தைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல் வரிசையிலேயே கட்டங்கள்: சேதி எண். எவ்வளவு அவசரம். எந்த நிலையத்திலிருந்து கிளம்பியது. மொத்தம் எத்தனை சொல். எந்த ஊர். எத்தனை மணி. என்ன தேதி. சேதி அதற்குக் கீழேதான்!

நம் ஊர்த் தந்தியிலும் இப்படித்தான் சொல்லை எண்ணுவார்கள். (2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது. அதைப் பார்த்திராத தலைமுறை நாம்.) தந்தியில் எண்ணியது காசு வாங்க. ஹாமில் எண்ணுவது, வழியில் ஒரு சொல் விழுந்துவிட்டதா என்று பார்க்க. 18 சொல் என்று சொல்லி 17 வந்தால் திரும்பக் கேட்பார்கள். "மருந்து வேண்டும்" என்பதற்கும் "மருந்து வேண்டாம்" என்பதற்கும் ஓர் எழுத்துதானே வித்தியாசம்! ஆகவே முக்கியமான சொற்களைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வார்கள். கைமாற்றி அனுப்புகிறவர் தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பதும் அவர்கள் ஒழுக்கம்.

மாமா எழுதாமல் விட்ட எல்லாமே அந்த மேல் வரிசையில் இருந்தது.

மழையே இல்லாமல் ஒரு வெள்ளம்

"அது வெள்ளம்பா, எப்பவாவது வரும்" என்று சொல்லாதீர்கள். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. நம் நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கோப்பில் பிழை. உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி விழுந்தன. விமான நிலையங்கள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள் திணறின. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

10.57க்கு நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்த கம்ப்யூட்டர் இன்டர்நெட் வரைக்கும் எழுந்திருந்தால்தானே புதுக் கோப்பு வாங்கும்? ஆகவே ஒவ்வொன்றாகப் பக்கத்தில் போய், சேஃப் மோடில் ஏற்றி, 00000291 என்ற எண் கொண்ட கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. இந்த வைத்தியத்தை உலகெங்கும் இருந்த சிஸ்டம் நிர்வாகிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். "எங்களிடம் இப்படிச் செய்தால் எழுந்தது, அப்படிச் செய்தால் எழவில்லை" என்று சம்பளமில்லாமல் சொன்ன அந்தச் சேதிகளும் தன்னார்வச் சேவைதான்.

இங்கேயும் பாருங்கள், நல்ல கோப்புக்கும் கெட்ட கோப்புக்கும் பெயர் ஒரே மாதிரி. எப்படிப் பிரிப்பது? நேர முத்திரையை வைத்துத்தான்! 9.39 என்றால் கெட்டது. 10.57 அல்லது அதற்குப் பின் என்றால் நல்லது. நேரம் பார்க்காதவர் நல்லதையே அழித்திருப்பார். இந்தக் குழப்பத்தில் "நாங்கள் சரி செய்து தருகிறோம்" என்று வைரஸை அனுப்பிய திருடர்களும் கிளம்பினார்கள். யார் சொல்கிறார்கள் என்று பார்க்காதவர் அதிலும் விழுந்திருப்பார்.

நாம் என்ன செய்யலாம்?

நம் கல்லூரியில் ஆயிரம் சட்டம் போட வேண்டாம். உதவி கேட்டோ, கொடுத்தோ ஒரு சேதி அனுப்பும் முன் ஐந்து கேள்வி போதும்.

1. யார் பார்த்தது? நானே பார்த்தேனா, பார்த்தவர் சொன்னாரா? கேள்விப்பட்டது என்றால் கேள்விப்பட்டது என்றே எழுது.

2. எங்கே? ஊர்ப் பெயர் போதாது. தெரு, வீட்டு எண், பக்கத்தில் இருக்கும் கோயிலோ கடையோ.

3. எப்போது? தேதியும் மணியும். "இப்போது", "இன்று", "உடனே" என்ற மூன்று சொல்லும் கூடாது. படிப்பவனுக்கு எந்த இன்று என்று தெரியாது.

4. என்ன வேண்டும், எத்தனை பேருக்கு? "உதவி வேண்டும்" என்றால் படகா, மருந்தா, சோறா?

5. முடிந்ததா? முடிந்தால் அதே வழியில், அதே ஆட்களுக்கு, "முடிந்தது" என்று சொல். எல்.சி.யைத் திருப்பிக் கொடு.

கைமாற்றி அனுப்புகிறவருக்கு ஒரே ஒரு விதி: அனுப்பும் முன் ஒரு கால் போட்டுக் கேள். கால் போகவில்லை என்றால் "சரிபார்க்கவில்லை" என்று சேர்த்து எழுது.

இன்னொரு வேண்டுகோள். 12 வயது முடிந்த யாரும் ஹாம் தேர்வு எழுதலாம். அதில் கேட்கும் மின்னணுவியல் நாம் முதல் வருஷத்தில் படித்ததுதான். நம் துறையில் ஐந்து பேர் அனுமதி வாங்கினாலே கல்லூரிக்கு ஒரு நிலையம் வைக்க அடி போட்டுவிடலாம். நானும் இன்னும் மூன்று பேரும் படித்துக்கொண்டிருக்கிறோம். ஐந்தாவது ஆள் யார்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். முடிச்சூரில் மறுபடியும் தண்ணீர். நான் அப்போது இங்கே முதல் வருஷம். மாடியில் உட்கார்ந்து அம்மா மாமாவுக்கு எஸ்.எம்.எஸ். அடித்தார். இந்த முறை முதல் வார்த்தையே "4ந்தேதி காலை 7 மணி". அப்புறம் தெரு, வீட்டு எண். அப்புறம் "4 பேர், பால் மட்டும் வேணும்".

6ஆம் தேதி கரண்ட் வந்தது. போனை சார்ஜில் போட்டதும், டீ கூடக் குடிக்காமல், அம்மா இன்னொரு சேதி அடித்தார். எட்டிப் பார்த்தேன்.

"4ந்தேதி சொன்னது முடிஞ்சுது. நாங்க நல்லா இருக்கோம். யாரும் வர வேண்டாம். வேற வீட்டுக்குப் போகச் சொல்லு."